நாலும் தப்பு

"ஷெவர்லே," என்றார் டெல்மர் கிராட்ஸ், கையிலிருந்த புகைப்படத்தைப் பார்த்து. டோனட் கடை வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேருடைய காப்பியும் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

பழைய கார் சங்கத்தின் தலைவர் அவர். யாரோ அறுத்து, ஒட்டி, உருமாற்றிய பழைய காரைப் பார்த்து, எந்த உறுப்பு எந்தக் கம்பெனி வண்டியிலிருந்து வந்தது என்று சொல்வதுதான் சனிக்கிழமைக் காலைகளில் சங்கத்தின் ஒரே வேலை. வேறு வேலை கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலை மூடிப் பல வருஷமாகிறது.

இந்த விஷயத்தில் டெல்மர் தப்புச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஊர்ப் பாதிரியார்கூடப் பிரசங்கத்தில் "என்று நம்புகிறோம்" என்பார். டெல்மர் அந்த அளவு சந்தேகத்துக்குக்கூட இடம் தந்ததில்லை.

வெர்னன் டல்லி சங்கத்தின் நிரந்தர இரண்டாமவர். மனைவி போனாள், முட்டி போனது, பென்ஷனில் பாதி போனது. செத்துப்போவதற்குள் ஒரே ஒரு தடவை டெல்மரை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

அதனால் டெல்மரிடமிருந்து புகைப்படத்தை வெடுக்கென்று பிடுங்கினார். பெட்ரோல் பங்க் கேமராவில் அந்தி நேரத்தில் விழுந்த படம். காரின் பின்பாதி மட்டும், அதுவும் மங்கலாக. கொண்டுவந்தவர் வெளியூர்க்காரர், சாம்பல் நிறச் சட்டை. "இதே மாதிரி ஒரு வண்டி தேடறேன். இங்க கேட்டா சொல்லுவாங்கன்னாங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றிருந்தார்.

"யோவ் டெல்மர், கண்ணாடியை வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா? ஐம்பதாம் வருஷத்து மெர்க்குரிய்யா இது. இந்தப் பின்னழகை ஷெவர்லே எந்த ஜென்மத்துல பார்த்துச்சு?"

"இருக்கலாம்," என்றார் டெல்மர். அந்த வார்த்தை இதற்கு முன் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

குண்டு ஹார்லன் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். "சரி தலைவரே, கூரை? அறுத்து இறக்கியிருக்கா, இல்ல கம்பெனிக் கூரையா?"

"கம்பெனிதான்."

"ஆமா, கம்பெனியில குள்ளனுங்களுக்குன்னு தனியா பண்ணினாங்க," என்றார் வெர்னன். "அந்தப் பின்கண்ணாடியைப் பாரு. தபால் பெட்டி வாய் மாதிரி இருக்கு. நல்லா அறுத்திருக்கான்."

"பின் விளக்கு?" என்று கேட்டார் ஹார்லன்.

"ஓல்ட்ஸ்மொபீல்," என்றார் டெல்மர்.

"பேக்கார்ட்." வெர்னனுக்குக் குரல் ஏறிவிட்டது. "பக்கவாட்டுல அந்தக் குரோம் பட்டை? அதையும் சொல்லிடு."

"பாண்டியாக்."

"ப்யூக். நாலும் தப்பு. நாலும் தப்புய்யா."

ஹார்லன் தொடையில் தட்டிச் சிரித்தார். டெல்மரின் தலையிலிருந்த தலைவர் தொப்பியைக் கழற்றி, வெர்னனின் வழுக்கையில் கவிழ்த்தார். டெல்மர் தடுக்கவில்லை. புகைப்படத்தின் பக்கம் திரும்பவும் இல்லை.

"வயசாச்சுப்பா," என்றார். "இனிமே நீயே பாத்துக்கோ, வெர்னன்."

எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. கேட்டபோது வெர்னனுக்கு இனிக்கவில்லை. அவருடைய அப்பாவுக்கும் மறதி இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் பிள்ளைகளின் பெயர் மாறியது, கடைசியில் ஸ்பூன் எதற்கென்றே தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்திற்று. மூன்று வருஷமாக யார் கண்ணிலும் காட்டாமல் கொட்டகையில் கட்டிக்கொண்டிருந்த காரை இன்றைக்குக் கொண்டுவந்து எல்லோர் வாயையும் பிளக்க வைக்கிறேன் என்று சவால் விட்டிருந்த டெல்மர், பெண்டாட்டியின் வேனில் வந்து இறங்கினார். கேட்டதற்குப் பெயிண்ட் காயவில்லை என்றார். பாவம், சவால் விட்டதே மறந்திருக்கும்.

தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று வெர்னன் நினைத்தார். நினைத்தாரே தவிரக் கழற்றவில்லை.

அப்போதுதான் வெளியூர்க்காரர் சட்டைப் பையிலிருந்து போலீஸ் வில்லையை எடுத்துக் காட்டினார்.

"மன்னிக்கணும். நான் வண்டி வாங்க வரல. வியாழக்கிழமை சாயங்காலம் மில் ரோட்ல சைக்கிள்ல போன ரூனி டீச்சரை இடிச்சுட்டு நிக்காமப் போன வண்டி இது. இன்னிக்கு விடிகாலையில ஆஸ்பத்திரியில அவங்க தவறிட்டாங்க."

அங்கிருந்த பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் அவள். ஹார்லன் கையிலிருந்த டோனட்டை என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

முதலில் தொண்டையைச் செருமியவர் வெர்னன்தான். தலையில் தொப்பி இருக்கிறதல்லவா.

"சார், நான் சொன்னதைக் குறிச்சுக்குங்க. மெர்க்குரி, அறுத்த கூரை, பேக்கார்ட் விளக்கு, ப்யூக் பட்டை. இந்த மாதிரி வண்டி இந்த இண்டியானா மாநிலத்துலயே ரெண்டு இருக்காது. கண்டுபிடிச்சுடலாம்."

"ரொம்ப நன்றி சார். எங்க ஆய்வகத்துலயும் அதையேதான் சொன்னாங்க."

வெர்னனுக்கு முகம் சுருங்கியது. "அப்புறம் எதுக்கு எங்ககிட்ட வந்தீங்க?"

"கார் என்னன்னு கேக்க வரல. இப்படி ஒண்ணைக் கட்டத் தெரிஞ்சவங்க யாருன்னு பாக்க வந்தேன்."

வெர்னன் டெல்மரின் தோளில் கை வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்மேல் இரக்கம் பொங்கியது.

"அப்படின்னா இவரைத் தொந்தரவு பண்ணாதீங்க சார். பாவம், இவருக்கு ஒண்ணுமே தெரியல. நீங்களே பாத்தீங்களே."

அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்து, டெல்மருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"தெரியாதவர் ஒண்ணாவது சரியாச் சொல்லியிருப்பார், சார்."