முதல் முத்தி

மண்வெட்டி நின்றது.

குழிக்குள் இருந்த பிச்சையா நிமிர்ந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவள் எலும்பை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். குடும்பக் கல்லறை. முன்னால் போனவரின் எலும்பைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அதே குழியில் அடுத்தவரை இறக்குவார்கள். இன்று மாமியாரை இறக்க வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் போனவன் அவள் புருஷன்.

எலும்பு இல்லை.

அவன் இருந்தான்.

பெட்டியை மேலே தூக்கி வைத்தார்கள். கல்யாணக் கோட்டு நைந்திருந்தது. அவன் நையவில்லை. முகம் கறுத்து ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஜெபமாலை சுற்றிய வலது கை நெஞ்சின்மேல் அப்படியே கிடந்தது. விரலில் மோதிரம்.



“அழியாத ஒடம்பு! நம்ம ஊருக்கும் ஒரு புனிதர்!” என்று கத்தினார் கோயில் உபதேசியார்.

ஒருவர் பாக்கியில்லாமல் முழங்காலில் விழுந்தார்கள். பங்குச் சாமியாரைக் கூட்டிவர ஆள் ஓடியது. உயிரோடு இருந்தபோது அவனைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டு போனவர்கள்கூட மெழுகுதிரி கேட்டார்கள்.

கோயிலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஞாயிறுதோறும் அந்தக் கைக்கு எதிரே உட்கார வேண்டும். இந்த ஒன்பது வருடமாகத்தான், யாராவது கதவைத் தட்டினால் அவள் நடுங்காமல் இருக்கிறாள்.

பக்கத்தில் மகள் ஜெசிந்தா நின்றிருந்தாள். பதின்மூன்று வயது. அப்பாவின் முகமே நினைவில்லாதவள். தன் புருவத்துத் தழும்பு கிணற்றடியில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்றும், அப்பா தங்கமானவர் என்றும் சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தாள். பிள்ளைக்கு அந்தப் பொய்யாவது மிஞ்சட்டும் என்று.

“மதினி, மொதல்ல நீங்க கைய முத்தி செய்யுங்க.” நாத்தனார் அழுதபடியே அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

மண்டியிட்டாள்.

குனிந்தாள்.

உதடு அந்தக் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது, அவளுடைய இடது கை தானாக எழுந்து முகத்துக்குக் குறுக்கே வந்தது. கண்கள் இறுக மூடிக்கொண்டன.

அப்படியே இருந்தாள்.

அடி விழவில்லை.

“பிரகாசம் தாங்கல போலிருக்கு,” என்றார் யாரோ.

ஜெசிந்தா அம்மாவின் உயர்ந்த கையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் புருவத்துத் தழும்பையும் பெட்டிக்குள் இருந்த மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

குவிந்து கிடந்த மண்ணில் ஒரு பிடி அள்ளினாள். அடக்கத்தில் எல்லோரும் போடுவதுபோல, அந்தக் கையின்மேல் போட்டாள்.

யாரும் எதுவும் சொல்வதற்குள் இன்னொரு பிடி அள்ளினாள்.