எழுதிப் போடுங்க

"எனக்கு இருக்கறது ஒரு வாய். அஞ்சு வகுப்புக்கும் ஒரே நேரத்துல எப்படிங்க பேசறது? பிடிக்கலைன்னா மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க" என்றாள் டீச்சர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்து அந்த அறையில் அப்போது இருந்தவர்கள்: ஒன்றாம் வகுப்பு வரிசையில், முழங்கால் மோவாயில் இடிக்க, லாரி டிரைவர். இரண்டாம் வகுப்பு வரிசையில் தையல்காரி. மூன்றாம் வரிசை காலி. அந்தப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. நான்காம் வரிசையில் மருந்துக் கடைக்காரரும் அவர் மனைவியும், ஒருவர் உட்காரும் பெஞ்சில் இருவராக. ஐந்தாம் வரிசையில் சலவைக் கடைக்காரர், வாசலைப் பார்த்தபடி. அவரவர் பிள்ளை உட்காரும் இடத்தில்தான் அவரவர் உட்கார வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. ஐந்து வகுப்புக்கும் இந்த ஓர் அறைதான், இந்த ஒரு டீச்சர்தான். கரும்பலகையும் ஒன்றுதான். அதைச் சாக்பீஸ் கோடு போட்டு ஐந்தாகப் பிரித்திருந்தார்கள்.

தையல்காரிக்கு உள்ளங்காலிலிருந்து சுறுசுறுவென்று ஏறியது.

"என் பொண்ணு ரெண்டாவது படிக்கிறா டீச்சர். ஏழு கண்டத்து பேரையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட ஒப்பிக்கிறா. 'பம்பரம்'னு எழுதச் சொன்னா பென்சிலைக் கடிக்கிறா. இது என்ன படிப்பு?"

"கண்டம் அஞ்சாவதுக்கு நடத்தினது. அவ காது பின் வரிசையில இருந்தா நான் என்ன பண்றது?"

"அவ வரிசைக்கு நீங்க எப்பதான் வருவீங்க?"

"முறை வந்தா வருவேன். ஒண்ணாவதுல ஒருத்தன் அழுவான், மூக்கைத் துடைச்சு விடணும். மூணாவதுல ரெண்டு பேர் முடியைப் பிடிச்சுக்குவாங்க, விலக்கி விடணும். அதுக்குள்ள மணி அடிச்சிடும். அந்த மணியை அடிக்கறதும் நான்தான்."

டிரைவர் பெஞ்சிலிருந்து ஒரு காலை வெளியே இழுத்துப் போட்டார். "எனக்கு லோடு அதிகமானா ரெண்டு நடை அடிப்பேன் டீச்சர். பாதி மூட்டையை ரோட்டுல உருட்டி விட்டுட்டு வர மாட்டேன்."

"உங்க மூட்டை வெச்ச இடத்துல இருக்கும் அண்ணா. என் மூட்டை எந்திரிச்சு ஓடும்."

சலவைக் கடைக்காரர் சிரித்துவிட்டார். தையல்காரி திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினார்.

"இன்னொரு டீச்சர் வேணும்னு கேக்கலாமில்ல?" என்றார் மருந்துக் கடைக்காரர், சமாதானமாக.

"நான் எதுக்குங்க கேக்கணும்? பிள்ளைங்க உங்களோடது. வேணும்னா நீங்க கேளுங்க."

"அப்ப உங்களுக்குக் கொஞ்சம்கூட அக்கறை இல்ல" என்றாள் தையல்காரி.

"இங்க உக்காந்து கத்தறது சுலபம்மா. பேனாவை எடுத்து எழுதணும்னா துணிச்சல் வேணும். அது யார்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

தையல்காரி விருட்டென்று எழுந்தாள். பெஞ்சின் ஆணி அவள் துணியைப் பிடித்துக் கிழித்தது. ஊரார் கிழிசலையெல்லாம் தைப்பவள், தன் கிழிசலைக் குனிந்தும் பார்க்கவில்லை.

"இன்னைக்கே எழுதறேன். அடுத்த மாசம் நீங்க இந்த நாற்காலியில சாஞ்சிருக்கறதைப் பாக்கறேன்."

"பாப்போம்" என்று டீச்சர் கொட்டாவி விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மிஷின் மேலிருந்த வெட்டுத் துணிகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுத் தையல்காரி எழுத உட்கார்ந்தாள். பேனா தாளைக் குத்தியது.

'ஐந்து வகுப்புக்கு ஓர் ஆசிரியை. அவரும் சோம்பேறி. வாய்த் துடுக்கு அதிகம். பெற்றோரைக் குட்டிப் பெஞ்சில் மடக்கி உட்கார வைத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் நக்கலாகப் பதில் சொல்கிறார். நேரில் வந்து பாருங்கள். பிள்ளைகள் எழுத்துக் கூட்டத் தெரியாமல் நிற்கிறார்கள். இவரை உடனே மாற்றுங்கள்.'

திரும்ப ஒரு தரம் படித்தாள். சூடு போதும் என்று பட்டது. தாளை மடித்து உறையில் வைத்தபோதுதான் விலாசம் தெரியாது என்பது உறைத்தது.

"ஏய், மருந்துக் கடை மாமாகிட்ட ஓடிப் போய் கல்வி ஆபீஸ் விலாசம் வாங்கிட்டு வா."

தரையில் நூல்கண்டு உருட்டிக்கொண்டிருந்த மகள் போகவில்லை. எழுந்து வந்து உறையை இழுத்து வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். பெறுநர், கல்வி அலுவலர், கட்டட எண், தெரு, அஞ்சல் எண். ஒரு புள்ளி விடவில்லை.

தையல்காரி உறையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "பம்பரம் வராதவளுக்கு இது எப்படிடி வந்துச்சு?"

"இந்த வாரம் அஞ்சு வகுப்புக்கும் ஒரே பாடம்மா. போர்டுல இருந்த கோடு எல்லாத்தையும் அழிச்சிட்டு, முழுசா இந்த விலாசத்தைத்தான் எழுதிப் போட்டாங்க. தினமும் எழுதினோம்."

"எதுக்கு?"

"அது அஞ்சாவது அண்ணன்கிட்டதான் சொன்னாங்க. எனக்கும் கேட்டுச்சு. டீச்சர் எத்தனையோ தடவை இன்னொரு டீச்சர் கேட்டு எழுதினாங்களாம், அந்த ஆபீஸ்ல பதிலே போடலையாம். டீச்சரைத் திட்டி அம்மா அப்பா எழுதினாத்தான் அவங்க எந்திரிச்சு வருவாங்களாம். அதனால கூட்டத்துல எல்லாருக்கும் நல்லா கோவம் வர்ற மாதிரி பேசப் போறேன்னு சொன்னாங்க... அம்மா, உனக்கு வந்துச்சா?"

தையல்காரி உறையிலிருந்து கடிதத்தை வெளியே எடுத்தாள். திட்டையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, 'இவரை உடனே மாற்றுங்கள்' என்ற வரியை மட்டும் அடித்து, 'இவருக்குத் துணையாக இன்னோர் ஆசிரியர் வந்து சேரும்வரை இதைவிடக் கேவலமாகத் தினம் ஒரு கடிதம் உங்களுக்கு வரும்' என்று தாள் கிழிய எழுதி, உறையை ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.