நாற்காலி ஒத்திகை

வில்லாபுரத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் போலீஸ் அதிகாரிகள் சங்கத்தின் ஓடு வேய்ந்த அறை. கண்ணாடி ஓடு வழியாக இறங்கும் ஞாயிற்றுக்கிழமை வெயில் நேராக நாற்காலியில் விழுகிறது. அதில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறான் மலையாண்டி. நாளைக்குத் தன் சொந்த ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷனில் எஸ்.ஐ.யாகப் பொறுப்பேற்கிறான். முதல் ஸ்டேஷனுக்குப் போகிற யாரையும், எந்த அதட்டலுக்கும் நாற்காலியை விட்டு எழாதபடி ஒத்திகை பார்க்காமல் சங்கம் அனுப்புவதில்லை. ஊர்ப் பெரிய மனிதர் வேஷம் இன்ஸ்பெக்டர் கிருபாகரனுக்கு. துண்டைத் தோளில் போட்டு, இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு, செருப்பு சரசரக்க நுழைகிறார். "ஏலேய், சோணை மகன்தான நீ?" அந்தக் குரலுக்கு மலையாண்டியின் முழங்கால்கள் அவனைக் கேட்காமலே நிமிர்ந்துவிடுகின்றன. "மறுபடியும் எந்திரிச்சிட்டீங்கண்ணே!" என்று டீ கிளாஸும் கையுமாகச் சிரிக்கிறாள் சகாயமேரி, அவளும் எஸ்.ஐ.தான். சுவரோரம் இருப்பவர்கள் எல்லோரும் சிரிக்க, மலையாண்டிக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. "உக்காரு மாப்ள, இன்னைக்கு ஒன்னைய விடுறதா இல்ல" என்று வெளியே போன கிருபாகரன் திரும்பவும் அதட்டிக்கொண்டே வருகிறார். மலையாண்டி நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொள்கிறான். "உக்காருங்க. என்ன விஷயமா வந்தீங்க?" கைதட்டலில் ஓடு அதிர்கிறது. அடுத்த தடவை செருப்புச் சத்தமே இல்லை. வாசலுக்கு வெளியே வெறுங்காலோடு நிற்கிறார் கிருபாகரன். தோளில் கிடந்த துண்டு இப்போது அக்குளில். "சாமி..." என்கிறார், மலையாண்டியின் அப்பா சோணை ஸ்டேஷன் வாசலில் நின்று கூப்பிடுகிற அதே குரலில். மலையாண்டி எழுந்துவிடுகிறான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறான். "உள்ள வாங்கய்யா." எந்திரிச்சிட்டீங்க என்று சகாயமேரி சொல்லவில்லை.