முடியாத கோம்போ

“பேதுரு அண்ணை, இனி இந்தக் கார்ட் கட்டோட இஞ்சை வராதையுங்கோ! விளையாட வாறியளோ, எங்களை எழுப்பி அனுப்ப வாறியளோ?”

லா ஷப்பல் தேநீர்க்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, யூலியன் கத்தினான்.

“ஏன்ரா, களவே செய்தனான்? விதிப்படிதானே!”

என் மந்திரவாதி கார்ட் பூதத்தை எழுப்பும். பூதம் திரும்ப மந்திரவாதியை எழுப்பும். ஒவ்வொரு முறையும் எதிராளிக்கு ஒரு உயிர் போகும். ‘கோம்போ’ என்கிற இந்தக் கார்ட் கூட்டுக்கு முடிவே இல்லை. இரவு வரை இழுபட்ட ஞாயிறு ஆட்டம் இப்போது தேநீர் ஆறுமுன் முடிகிறது.

“அந்த ரெண்டு கார்ட்டையும் எடுங்கோ. இல்லாட்டி உங்களுக்கு இஞ்சை கதிரை இல்லை.”

“எடுக்கேலாதடா. பிறந்தநாளுக்கு மனுசி ஆசையா வாங்கித் தந்தது. அவளுக்கு இந்த விளையாட்டே தெரியாது, பாவம்.”

புறநகர் பொண்டியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தேன். மனுசி சுஜானி, சுவருக்கு நான் அடிக்க வேண்டிய பெயின்ட் வாளியோடு நின்றாள்.

“இண்டைக்கும் நேரத்தோட வந்திட்டியள்! அந்தக் கார்ட் கடைக்காரன் கெட்டிக்காரன்தான்.”

“ஏன், என்ன கேட்டனீ?”

“ஆட்டம் கெதியா முடிய எந்தக் கார்ட் நல்லதெண்டு கேட்டனான்.”

இப்போது கதிரையைக் காப்பாற்றுவதா, பரிசைக் காப்பாற்றுவதா? கலியாணம் கட்டியவர்கள் மட்டும் பதில் எழுதுங்கள்.