சீனி போடாத தேநீர்

இல்ஃபோர்டில், வாடகைக்கு எடுத்த மண்டபம். கூட்டம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. ப்ரொஜெக்டரை யாரும் இன்னும் அணைக்கவில்லை. ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று எழுதிய பழைய தென்னாப்பிரிக்கப் பூங்காவில் உட்காரும் வாங்கு ஒன்றின் படம் சுவரில் மெல்ல நடுங்குகிறது. வெளியே மழை, உள்ளே ஈரக் கோட்டுகளின் வாடை. எண்பதுகளில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன்னால் பதாகை பிடித்து நின்ற பரராசசிங்கம்தான் இன்றைய பேச்சாளர். கைகொடுக்க வருபவர்களிடம் பேசியதையே திரும்பச் சொல்கிறார்: “அவையள் மனம் திருந்தி அந்த நிறவெறிச் சட்டத்தை எடுக்கேல்லை. நாங்கள் அவையளின்ர தோடம்பழத்தை வாங்காமல் விட்டம். உலகமே நெருக்கினதாலதான் எடுத்தவை.” கூட்டத்தை ஒழுங்கு செய்த தவமலர் தானே தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டுகிறாள். கோப்பையை வாங்கி வாயருகே கொண்டுபோனவர் கனிவாகக் கேட்கிறார்: “பிள்ளை ஊரில எந்தக் குறிச்சி?” அவர் கேட்பது இடத்தை அல்ல, சாதியை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தே, குரலைத் தாழ்த்தாமல் சொல்கிறாள். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கிறது. கை மட்டும் இறங்குகிறது. “எனக்குச் சீனி வருத்தம், பிள்ளை. இனிப்புக் கூடாது.” மேசை விளிம்பில் வைத்த கோப்பையிலிருந்து எழும் ஆவி, ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்த வாங்கின் மேல் நிழலாக ஊர்ந்து மெலிகிறது. பாலேடு படியத் தொடங்குகிறது. “சீனி போடேல்லை, ஐயா,” என்கிறாள் தவமலர். அவர் அடுத்த ஆளுக்குக் கைகொடுக்கத் திரும்புகிறார். அந்த முதுகைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்கிறாள்:

“அப்ப உங்களை ஆர் நெருக்கிறது?”