பவுலின் சொல் கேட்கும் கேமராக்கள்

“ரெக்கார்டிங் ஒரு தடவை நின்னாலும் சரி மேடம், எங்க புதுத் தொடர் வேற டைரக்டருக்குப் போயிடும். சென்னையில கண்டிப்பா சொல்லிட்டாங்க,” என்றான் கிஷோர். சேனலின் தயாரிப்பாளர் அவன்.

“நிக்காது. உக்காருங்க,” என்றார் பவுலின், கன்ட்ரோல் ரூம் மைக்கை வாய்க்கருகே இழுத்தபடி.

ஸ்டுடியோ கீழ்த்தளத்தில். டைரக்டர் மாடியிலிருந்து திரைகளைப் பார்த்துச் சொல்வார். கீழே கேமராக்காரர்கள் அதை ஹெட்ஃபோனில் கேட்டு கேமராவை நகர்த்துவார்கள்.

பவுலினைப் பற்றி ஊரில் ஒரு பேச்சுண்டு. லிங்கராஜபுரத்தில் ஒருமுறை அவர் “கட்” என்றதற்கு, ரோட்டில் வந்த பஸ்ஸே நின்றுவிட்டதாம். டிரைவர் இறங்கி வந்து, அடுத்த டேக் எப்போது என்று மரியாதையாகக் கேட்டாராம். கிஷோர் நம்பவில்லை.

கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டி ஆரம்பித்தது.

“க்ளென், பாடுற அம்மா முகத்துக்குப் போ.”

க்ளெனின் கேமராவில் முகம் திரையை நிறைத்தது.

“ஷில்பா, ஸ்வல்ப பின்னாடி வா.”

ஷில்பாவின் கேமரா கொஞ்சம் பின்வாங்கியது. கிஷோர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மூன்றாம் பாட்டில், குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களாக வேஷம் போட்டவர்களில் ஒருவருக்குத் தாடி கழன்று தொங்கியது. கிஷோர் பாதி எழுந்துவிட்டான்.

“ஷில்பா, ட்ரம்ஸ்,” என்று பவுலின் முடிப்பதற்குள் ஷில்பாவின் கேமரா ட்ரம்ஸில் இருந்தது. பவுலின் பொத்தானைத் தட்டி அந்தக் காட்சிக்கு மாற்றினார். “கிளெமென்ட், தாடி.”

ஃப்ளோர் மேனேஜர் கிளெமென்ட் குனிந்தே ஓடித் தாடியை ஒட்டினார். ராஜா மறுபடி ராஜாவானார்.

கடைசிப் பாட்டும் முடிந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

“எத்தனையோ டைரக்டரைப் பார்த்திருக்கேன் மேடம்,” என்று எழுந்தே நின்றான் கிஷோர். “வார்த்தை வாயில இருக்கும்போதே கேமரா போய் நிக்கிறதை இங்கதான் பார்க்கிறேன். தொடர் உங்களுக்குத்தான். சென்னைக்கு மெசேஜ் போட்டுட்டேன்.”

கதவு திறந்தது. மூச்சிரைக்க நின்றார் கிளெமென்ட்.

“சாரி மேடம். முதல் பாட்டுலயே ஹெட்ஃபோன் லைன் செத்துப்போச்சு. நீங்க பேசினது ஒருத்தருக்கும் கேக்கல. நிறுத்தினா தொடர் போயிடுமேன்னு, நாங்களா எடுத்துட்டோம்.”

“தெரியும்பா,” என்றார் பவுலின். “சார் பக்கத்துலயே இருந்தாரா, அதான் நீங்க எங்க போவீங்கன்னு பார்த்துப் பார்த்து, கொஞ்சம் முந்திச் சொல்லிக்கிட்டே வந்தேன்.”