ஒரே ஒரு பேப்பர்

வேலை முடிந்து வந்து அவள் செருப்பைக் கழற்றும்போதே மகள் தன் உதட்டில் விரலை வைத்தாள். "ஷ்ஷ்... சத்தம் போடாதம்மா. அப்பா ஃபெயிலு."

உள்ளே துக்க வீடு மாதிரி இருந்தது. டி.வி. இல்லை, விளக்குகூடப் போடவில்லை. ஆடிட்டர் கட்டிலில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.

உண்மையில் அவள் கணவர் ஆடிட்டர் இல்லை. ஒரு இரும்புக் கடையின் கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர். வரி ஆலோசகர் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்த அன்றே சொந்தக்காரர்கள் அந்தப் பட்டத்தைச் சூட்டிவிட்டார்கள். அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

அவள் கைப்பையை வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். நாள் முழுக்கப் பேசித் தொண்டை வறண்டிருந்தது. அவள் வேலை பார்ப்பது ஒரு வரி ஆலோசகரின் அலுவலகத்தில். இன்றைக்கு ஒரு ஜவுளிக்கடைக்காரர் போன் மேல் போன் போட்டு, "வரியில என்னோட வாடகைக் கழிவு எங்கம்மா போச்சு?" என்று கத்தித் தீர்த்துவிட்டார். "அந்தச் சலுகையையே எடுத்துட்டாங்க சார், ரெண்டு வருஷம் ஆச்சு" என்று ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொன்னாள்.

அவளும் ஒரு காலத்தில் அதே பரீட்சைக்குப் படித்தவள்தான். நாலு பேப்பரில் இரண்டைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே முடித்திருந்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் படிக்க முடியாது என்று ஆனபோது, "முதல்ல நீங்க முடிங்க" என்று விட்டுக்கொடுத்தாள். "சத்தியமா அடுத்தது உன் முறை" என்றார் அவர்.

அன்றிலிருந்து வீடு அவருடைய படிப்பறையானது. பால் பொங்கி வழிந்தாலும் எழுந்து வர மாட்டார், படித்ததெல்லாம் மறந்துவிடுமாம். குழந்தை பேசக் கற்றுக்கொண்டதே கிசுகிசுப்பில்தான்.

மூன்று பேப்பரை அவர் ஊதித் தள்ளினார். கடைசிப் பேப்பர் மட்டும் மூன்று வருஷமாக இழுத்தடிக்கிறது. அவள் பாஸ் செய்த இரண்டு பேப்பரும் வருகிற வருஷத்தோடு காலாவதி. அதற்குள் மீதி இரண்டையும் எழுதாவிட்டால் மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டீயைக் கொண்டுபோய் அவருடைய மேஜையில் வைத்தாள். பட்ஜெட் முடிந்ததும் மாறிய சட்டங்களையெல்லாம் அலுவலகத்தில் பிரதி எடுத்து அவருக்குக் கொண்டுவந்து தருவது அவள் வழக்கம். அந்தக் காகிதங்கள் மேல் டம்ளர் வைத்த வட்டங்கள் இருந்தன.

துண்டு மெல்ல விலகியது. "மயிரிழையில போச்சும்மா. ஒரே ஒரு பேப்பர். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கோ."

"என்னோட பேப்பருக்கு வர்ற வருஷந்தாங்க கடைசி..."

"உனக்கென்ன, மூளைக்காரி. முதல்லேர்ந்து எழுதினாலும் பாஸ் பண்ணிடுவே. நான் அப்படியா?"

இத்தனை வருஷத்தில் அவளுடைய மூளையை அவர் பாராட்டியதெல்லாம் இப்படி எதையாவது பிடுங்கும்போதுதான். பரீட்சை அன்று குழந்தைக்குக் காய்ச்சல். அவள்தான் லீவு போட்டு, சாப்பாடு கட்டி, புதுப் பேனா வாங்கிக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

ஆனாலும், பாவம், தோற்றுவிட்டு வந்த மனுஷனிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

"சரி, விடுங்க. எந்தக் கேள்வி காலை வாரிச்சு? நான் சொல்லித் தர்றேன்."

ஆடிட்டர் தெம்பாக எழுந்து உட்கார்ந்து டீயை எடுத்துக்கொண்டார். "அந்த வாடகைக் கழிவுதான். பெரிய கேள்வியாக் கேட்டுத் தொலைச்சுட்டான். எவ்வளவு கழிக்கணும்னே பிடிபடலை. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படிச்சிருப்பேன் தெரியுமா!"

காலி டம்ளருக்காக நீட்டிய அவளுடைய கை அப்படியே நின்றது.

"எந்தக் கழிவு?"

"வாடகைக் கழிவும்மா. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். அது சட்டத்துலயே இல்லைங்க. எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் டம்ளரை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். அதில் ஒன்றும் இல்லை.

"இல்லாத ஒண்ணைப் பரீட்சையில கேட்க மாட்டாங்க" என்றாள். "நீங்க பரீட்சைக்குப் போனீங்களா?"

"போனேனே... கேட் வரைக்கும்."

"போன வருஷம்?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மகள் கதவோரம் நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விரல் இன்னும் உதட்டில்தான் இருந்தது.

இந்த வீட்டுப் பழக்கம், ஆத்திரத்திலும் அம்மாவுக்குக் குரல் எழும்பவே இல்லை. "ஏங்க? ஃபெயிலாயிடுவோம்னு பயமா?"

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஃபெயிலா? நானா? எழுதியிருந்தா பாஸ்தான்! பாஸாயிட்டா அடுத்தது நீ படிக்க உக்காந்துடுவே. அப்புறம் வீட்டை எவன் பாக்கறது?"